வண்டியின் இன்ஜெக்டரும் வணிகன் பேரேடும்

(ஆனைக்குட்டத்தில் கூடிய நம் சமூகக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

தமிழ்ப் பண்டிதர் ஒருவரை மேடையேற்றினால் அவர் இலக்கியச் சுவை நுகர்விப்பார் என்றெண்ணி வந்தவர்கள் இன்று ஏமாற்றமடைவது திண்ணம். யாம் பேசப் புகுவது டீசல் வண்டியின் இன்ஜெக்டரைப் பற்றி. இயந்திரநூல் கற்றவரல்லோம் யாம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியுமே எம் கருவிகள். அங்ஙனமாயின் இப்பொருளை எடுத்ததேன் எனின், இரு காரணங்கள் உள. ஒன்று: இப்பொழுது நம் ஊரிலும் சுற்றுப்புறத்திலும் பல வீடுகளில் அடுப்பெரிவது, அந்த விரலளவுக் கருவி தன் கடமையை ஒழுங்காகச் செய்வதனாலேதான். மற்றொன்று: அதன் இயல்பறியாமையால் எம் குடும்பமே பெருநஷ்டம் அடைந்தது. பட்ட பாட்டினைப் பலரறியச் சொல்லுதல் எமக்கு இழுக்கன்று. சொல்லாது மறைத்துப் பிறரும் அவ்வாறே படும்படி விடுதலே இழுக்கு.

இன்ஜெக்டர் என்பதனை "எரிநெய்ப்பீச்சி" என்று தமிழாக்கலாமேயென எம் மாணவனொருவன் கேட்டான். ஆக்கலாம், ஆனால் அச்சொல்லைக் கொண்டுபோய்ப் பட்டறையிற் கேட்டால் மெக்கானிக் நகைப்பான், சரக்கும் கிடையாது. ஆகலின், வழங்குசொல்லையே கைக்கொள்வோம்.

நம் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குவோம். குட்டம் என்பது ஆழமான நீர்நிலை. ஆனை நீராடிய குட்டமோ, ஆனை மறையும் ஆழமுடைய குட்டமோ, அவரவர் விரும்பியவாறு கொள்க. இன்று இவ்வூரில் ஆனை இல்லை; குட்டியானை உண்டு. 2005-ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் "ஏஸ்" என்னும் சிறு பாரவண்டியை வெளியிட்டனர். இரண்டே சிலிண்டர், பதினாறு குதிரைத்திறன். நம் மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயரிட்டுவிட்டனர். அதன்பின் மகேந்திரா பொலேரோ பிக்கப், 2011-இல் அசோக் லேலண்டாரின் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்த தோஸ்த் முதலியனவும் பெருகின. சிவகாசியின் நாட்காட்டியும் நோட்டுப்புத்தகமும், சாத்தூரின் தீப்பெட்டியும், விருதுநகரின் பருப்பும் எண்ணெயும் இவற்றின் முதுகிலேறியே ஊரூராகச் செல்கின்றன.

நம் முன்னோர் இத்தொழிலையே மாட்டுவண்டி கொண்டு நடாத்தினர். வழியிற் கள்வர் பயமிருந்தமையால், விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களிற் பேட்டைகள் அமைத்து, வண்டியும் மாடும் சரக்கும் இரவிற் காவலுடன் தங்கச் செய்தனர். வாங்கும் சரக்கிற்கும் விற்கும் சரக்கிற்கும் சிறுதொகை மகமையென ஒதுக்கி, அப்பொதுநிதியால் கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் கண்டனர். அவ் வண்டிக்காரர் புறப்படுமுன் அச்சினைத் தொட்டுப் பார்ப்பார். வண்டிமை வற்றியிருந்தால் இட்டுக்கொள்வார். குற்றம் எங்கேயுளது என்பது கண்ணுக்குப் புலப்பட்டது. இக்கால வண்டிக்காரன் நிலை அவ்வாறன்று. அவன் வண்டியின் உயிர்நிலை கண்ணுக்குத் தோன்றாத துளைகளில் உளது. ஆகவே அவன் பிறர் சொல்லை நம்புகின்றான். நம்பிக்கை பிழைபடும்போது முதலே போகின்றது.

இன்ஜெக்டர் செய்யும் தொழில் யாது? அர்ஜுனா நதியின் குறுக்கே நம் ஊரில் அணை கட்டியிருப்பதை அறிவீர்கள். அணையில் நீர் எவ்வளவு நின்றாலும், மதகு இல்லையேல் அது பயிருக்குப் பயன்படாது. மதகிற்கு மூன்று கடமைகள் உள: வேண்டும்போது திறத்தல், வேண்டுமளவே விடுதல், மூடும்போது முற்றாக மூடுதல். இம்மூன்றில் ஒன்று தவறினும் வயல் காயும், அன்றேல் அழுகும். இன்ஜெக்டர் டீசலுக்கு மதகு. அதன் நுனியில் நாசில் என்னும் உறுப்பும், அதனுள் ஏறி இறங்கும் ஊசியும், நாசிலின் முனையில் மயிரிழை போன்ற சில துளைகளும் உள. ஊசி எழுந்தால் டீசல் மூடுபனி போலச் சிதறிச் சூடான காற்றிற் பட்டு எரியும். ஊசி அமர்ந்தால் ஒரு சொட்டும் கசிதலாகாது.

இம்மதகு எத்துணை முறை திறக்கின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இயந்திரம் நிமிடத்திற்கு 2,000 சுற்றுச் சுற்றுமாயின், ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்திற்கு 1,000 முறை எரிபொருள் பீச்சப்படும். மணிக்கு 40 கிலோமீட்டர் வீதம் ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓட 2,500 மணிநேரம் செல்லும். ஆக, ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் ஒவ்வோர் இன்ஜெக்டரும் 15 கோடி முறை திறந்து மூடுகின்றது. ஒவ்வொரு முறையும் அது திறந்திருக்கும் காலம் ஒரு நொடியின் ஆயிரத்தொரு பங்கு என்னுமளவினதே. பீச்சும் அளவு ஒரு சொட்டுக் கண்மருந்து. பெரும்பாலும் அதனினும் குறைவு. இத்துணை நுட்பமான வேலையைப் பதினைந்து கோடி முறை பிழையின்றிச் செய்யும் கருவியை, "பெரிய நாசில் போடு, நன்றாக இழுக்கும்" என்று சந்தையிற் கத்தரிக்காய் மாற்றுவதுபோல மாற்றிவிடுகின்றோம்.

இக்கருவியின் வரலாற்றையும் சிறிது நோக்குதல் நலம். ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் தம் இயந்திரத்தை வெற்றியுற ஓட்டிக் காட்டினார். 1900-இல் பாரிசு நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெய்கொண்டே ஓட்டப்பட்டது. கடலை எண்ணெய் வாணிகம் செய்த நம் பகுதியார்க்கு இச்செய்தி உவகை தருவதேயாம். ஆனால் அதனை நம்பி இன்றைய வண்டியிற் கடலை எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். நாசில் பிசின் பிடித்துப் பாழாகும். டீசலார் காலத்தில் எரிபொருளை உட்செலுத்தியது அழுத்தமேற்றிய காற்று. அதற்குப் பெரிய கருவி வேண்டியிருந்தமையால் அவ்வியந்திரம் வண்டிக்கு ஏற்கவில்லை. 1927-இல் ராபர்ட் பாஷ் நிறுவனத்தார் சிறிய பம்பினைப் பெருமளவிற் செய்யத் தொடங்கிய பின்னரே டீசல் சாலைக்கு வந்தது. 1951-இல் அந்நிறுவனத்தின் கிளை பெங்களூரில் "மைக்கோ" என்னும் பெயருடன் தோன்றியது. நம் தந்தையார் கிணற்றடியில் மைக்கோ பம்ப் என்று சொல்லியது இதனையே.

அப்பழைய முறையில் ஊசியை ஒரு வில்சுருள் அழுத்திக்கொண்டிருக்கும். பம்பின் அழுத்தம் ஏறத்தாழ 150 முதல் 250 பார் அளவினை எட்டியதும் ஊசி எழும். பழுதுற்றால் சிற்றூர்ப் பட்டறையிலேயே கழற்றி, நாசிலை மாற்றி, அழுத்தம் பார்த்துப் பூட்டிவிடலாம். சிறிது பிசகு இருப்பினும் வண்டி பொறுத்துக்கொள்ளும்.

பின்னர் வந்தது காமன் ரெயில் என்னும் முறை. சிற்றூர்திகளில் இது 1997-இல் இத்தாலிய ஆல்பா ரோமியோ வண்டியில் முதன்முதல் வந்தது. இதன்கண், பம்பு ஒரு பொதுக்குழாயில் டீசலை மிகுந்த அழுத்தத்துடன் எப்பொழுதும் நிரப்பி வைத்திருக்கும். எப்பொழுது, எவ்வளவு பீச்ச வேண்டும் என்பதை ஈ.சி.எம். என்னும் கணினிப் பெட்டி கட்டளையிடும். தொடக்கத்தில் 1,350 பாராயிருந்த அழுத்தம், பின்னர் 1,600 ஆகி, 2,000-ஐயும் கடந்தது. 1,600 பார் என்பது எத்தகையது? உலகப் பெருங்கடல்களுள் மிக ஆழமான மேரியானா அகழியின் அடித்தளம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் ஆழமுடையது. அங்கு நீர் அமுக்கும் அமுக்கமே ஏறத்தாழ 1,100 பார்தான். அதனினும் மிக்க அழுத்தத்தை நம் பிக்கப் வண்டியின் விரலளவுக் குழாய் தாங்கி நிற்கின்றது! ஊசிக்கும் அதன் கூட்டிற்கும் இடையிலுள்ள இடைவெளி இரண்டு முதல் நான்கு மைக்ரான். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ எழுபது மைக்ரான். மயிரிழையில் இருபதிலொரு பங்கு அளவினதாகிய தூசியும் அங்கே பாறைக்கல்லாம்.

இனிப் பேசவேண்டிய முதன்மையான செய்திக்கு வருவோம். "மேம்பட்ட இன்ஜெக்டர்" என்னுஞ் சொல் இருவேறு பொருளில் வழங்குகின்றது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே எம் பிழை.

முதலாவது, வண்டி செய்தவர்களே செய்யும் மேம்பாடு. அழுத்தத்தைக் கூட்டித் துளையைச் சிறிதாக்குவர். துளியை இன்னும் நுண்ணிதாக்குவர். ஊசிக்குத் தேயாத மேற்பூச்சு இடுவர். ஒரு முறை பீச்சுவதனைப் பலவாகப் பகுத்து, முதலிற் கடுகினும் சிறிய அளவு பீச்சி, நெருப்பு மெல்லப் பற்றியபின் எஞ்சியதை விடுவர். இதனால் ஓசையும் புகையும் குறையும். இவையெல்லாம் பம்பு, காற்றேற்றும் டர்போ, பிஸ்டன், கணினிப் பெட்டி ஆகிய அனைத்தையும் ஒருங்கே கருதிச் செய்யப்படுவன.

இரண்டாவது, பட்டறையிற் செய்யும் மேம்பாடு. அஃதாவது, துளை பெரிதாகவுள்ள நாசிலைப் பொருத்தி மிகுதியான டீசலைச் செலுத்துதல். இதற்கும் மேம்பாடு என்றே பெயரிடுகின்றனர். மதகினை மட்டும் அகலப்படுத்திவிட்டு, வாய்க்காலையும் வரப்பையும் அப்படியே விட்டால் என்னாகும்? அதுவே ஈண்டும் நிகழ்கின்றது.

எம் வீட்டு நிகழ்ச்சியைக் கேளுங்கள். எம் தமையனார் மகன் 2018-இல் தவணைக்கடனில் ஒரு பிக்கப் வாங்கினான். காமன் ரெயில் முறையினது. கடனுக்கு ஜாமீன் கையெழுத்திட்டது யாமே. சிவகாசியிலிருந்து நோட்டும் நாட்காட்டியும் ஏற்றி மதுரை, கோயமுத்தூர், பெங்களூர் வரை ஓட்டினான். மூன்றாண்டும் தவணை தவறவில்லை. அதன்பின் ஓர் இன்ஜெக்டர் தட்டத் தொடங்கியது. வெளியூர்ப் பட்டறையொன்றில், "ஒன்றை மாற்றி என்ன பயன்? நான்கிற்கும் மேம்படுத்திய நாசில் போட்டுத் தருகின்றோம். மேட்டில் நன்றாக இழுக்கும், நீடித்தும் உழைக்கும்" என்றனர். அவன் தொலைபேசியில் எம்மைக் கேட்டான். "புதியது நல்லதாகத்தான் இருக்கும், செய்" என்று விடை கூறினோம். அறியாத பொருளில் ஐயமின்றி விடை கூறும் குற்றம் ஆசிரியர்க்கு உண்டு போலும்!

முதல் மாதத்தில் அவன் முகமலர்ந்து வந்து, "இழுவையைப் பார்த்தீர்களா, சித்தப்பா! பாரம் ஏற்றியதே தெரியவில்லை" என்றான். தெரியவில்லை என்பதனாலேயே மேலும் ஏற்றினான். மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வள்ளுவனார் சொன்னதை நீங்களெல்லாம் அறிவீர்கள். யாம் எடுத்தோத வேண்டுவதில்லை. நாட்பட நாட்படப் பின்புறம் கரும்புகை மிகுந்தது. லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் ஓடிய வண்டி பதினொன்றுக்கு இறங்கிற்று. காலையில் இயந்திரம் எழ மறுத்தது. பதினான்காம் மாதம், மார்கழித் தொடக்கத்தில், பெங்களூருக்கு நாட்காட்டி ஏற்றிச் சென்றவன் சேலத்தைக் கடந்து தொப்பூர் மலைப்பாதையில் ஏறும்போது இயந்திரம் பேரோசையிட்டு நின்றது. திறந்து பார்த்தபோது மூன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் தலை உருகித் துளைபட்டிருந்தது.

வேறு வண்டி கிடைத்துச் சரக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆண்டு பிறந்துவிட்டது. புத்தாண்டு கழிந்தபின் நாட்காட்டி யாருக்கு வேண்டும்? சரக்குக்காரர் வாடகையைப் பிடித்துக்கொண்டதன்றி நட்டமும் கேட்டார். தமையனார் மனைவியின் வளையல்கள் அடகுக்குச் சென்றன. மூன்று தவணை நின்றபின் ஜாமீன்தாரர் என்ற முறையில் எமக்கு நோட்டீசு பள்ளிக்கூட முகவரிக்கே வந்தது. தலைமையாசிரியர் மேசையிலிருந்து அதனை வாங்கிக்கொண்டு வகுப்புக்குச் சென்று பாடம் நடத்திய அந்நாளை யாம் மறத்தற்கில்லை.

அதன்பின்னரே உண்மை தேடப் புறப்பட்டோம். டீசல் பம்ப் வேலையில் முதிர்ந்த ஒரு பெரியவர், அந்நாசில்களைச் சோதனை இயந்திரத்தில் மாட்டிக் காட்டினார். இரண்டு ஒழுங்காகச் சிதறின. ஒன்று ஒருபக்கமே பீச்சிற்று. மூன்றாம் சிலிண்டரினது ஊசி அமர்ந்தபின்னும் சொட்டிற்று. அவர் விளக்கியது வருமாறு: "கணினிப் பெட்டிக்கு நாசில் பெரிதானது தெரியாது. பழைய துளைக்கு ஏற்ற நேரமே அது திறக்கும். அந்நேரத்தில் இரட்டிப்பாகப் பாயும். முதலிற் கடுகளவு விடவேண்டிய இடத்தில் மிளகளவு விழும். டீசல் மிகும், காற்று மிகாது. எரியாத மிச்சம் கரும்புகையாகும். எரிந்த மிகுதி வெப்பமாகிப் பிஸ்டனைத் தாக்கும். மேட்டில், முழுப்பாரத்தில், அது தாங்காது." மேலும் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் அதன் நுண்ணிய வேறுபாட்டைக் காட்டும் குறியெண் ஒன்று மேலே பொறித்திருக்குமென்றும், மாற்றும்போது அவ்வெண்ணைக் கணினிப் பெட்டியிற் பதிய வேண்டுமென்றும், எம் வண்டியில் அது பதியப்படவேயில்லை என்றும் கூறினார்.

ஆனால் குற்றம் முழுவதும் நாசில்மேல் ஏற்றுதல் நேர்மையன்று. யாம் தமையன் மகனுடைய துண்டுச்சீட்டுகளையெல்லாம் தொகுத்துத் தேதிவாரியாக ஒரு பேரேடு எழுதினோம். எழுதியபோது வெளிப்பட்டது: அப் பதினான்கு மாதத்தில் டீசல் பில்டர் ஒரே ஒரு முறைதான் மாற்றப்பட்டிருந்தது, விலை மலிவென்று பீப்பாயிலிருந்து பலமுறை டீசல் ஊற்றப்பட்டிருந்தது, லிட்டருக்கு ஓடும் தூரம் ஐந்தாம் மாதத்திலேயே குறையத் தொடங்கியிருந்தது. அப்பொழுதே கணக்கைப் பார்த்திருந்தால் வண்டியை நிறுத்தியிருப்போம். தொப்பூரில் வண்டி நின்றது பதினான்காம் மாதம். கணக்கில் அது நின்றது ஐந்தாம் மாதம். வணிகக் குடியிற் பிறந்தும் கடைக்குப் பேரேடு வைத்த நாம் வண்டிக்கு வைக்கவில்லை!

பெரிய நிறுவனத்தார் செய்யும் மேம்பாடும் முதலாண்டிலேயே மெய்ப்பட்டுவிடுவதன்று. அமெரிக்க நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 2001 முதல் 2004 வரை விற்ற பெரிய பிக்கப் வண்டிகளிற் காமன் ரெயில் முறையுடைய 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் இயந்திரம் இருந்தது. திறனும் அமைதியும் கண்டு மக்கள் கொண்டாடினர். சில ஆண்டுகளில் இன்ஜெக்டர்கள் பழுதுற்று, டீசல் இயந்திர எண்ணெயிற் கலக்கத் தொடங்கியது. இன்ஜெக்டர்கள் மேல்மூடிக்குள் அமைந்திருந்தமையால் மாற்றுதலும் அரிதாயிற்று. இறுதியில் அந்நிறுவனத்தாரே அவ்வண்டிகளின் இன்ஜெக்டர்களுக்கு ஏழாண்டு அல்லது 2,00,000 மைல் வரை தனிப் பொறுப்பேற்க நேர்ந்தது. அடுத்த வடிவில் இன்ஜெக்டர்களை மூடிக்கு வெளியே கொணர்ந்தனர். கற்றறிந்த பொறியாளர் பலர் கூடிச் செய்ததே இவ்வாறு காலத்தின் சோதனைக்கு உட்பட்டதெனின், பட்டறையில் ஒரு பிற்பகலிற் செய்த மேம்பாட்டிற்கு முதல் மாத இழுவையைச் சான்றாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

இனி, நல்ல இன்ஜெக்டரையும் கெடுக்கும் பகைகள் எவையெனின், அவை மூன்று: தூசி, நீர், கலப்படம்.

தூசியைப் பற்றி முன்னரே கூறினோம். நீர், மழைக்காலத்திற் பீப்பாய் வழியாகவும், தொட்டியைப் பாதி வெறுமையாக இரவில் விடுவதனால் உட்புறம் பனித்தும் சேரும். அது எஃகினைத் துருப்பிடிக்கச் செய்யும். கலப்படத்திலோ மண்ணெண்ணெய் முதன்மையானது. மண்ணெண்ணெய்க்கு வழவழப்பு மிகக் குறைவு. இன்ஜெக்டருக்கும் பம்பிற்கும் வேறு வண்டிமை இல்லை. டீசலே அவற்றின் வண்டிமை என்பதை நெஞ்சிற் பதித்துக்கொள்ளுங்கள். முன்பு டீசலில் கந்தகம் மிகுதியாயிருந்தது. பாரத் மூன்றாம் நிலையில் பத்துலட்சத்தில் 350 பங்காயிருந்தது, 2017 ஏப்ரலில் நாடெங்கும் 50 ஆகவும், 2020 ஏப்ரலில் 10 ஆகவும் குறைக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கு இது நன்று. ஆனால் கந்தகத்தை நீக்கும் முறையே டீசலின் இயற்கை வழவழப்பினையும் நீக்கிவிடுவதால், அதற்கென வேறு மருந்து கலந்தே விற்கின்றனர். அத்தகைய டீசலில் மண்ணெண்ணெய் கலப்பவன் ஊசியின் வண்டிமையைத் துடைத்தெடுக்கின்றான் என்க.

கலப்படம் வெறும் வாணிகக் குற்றமன்று. இந்தியன் ஆயில் நிறுவனத்தில் அதிகாரியாயிருந்த மஞ்சுநாத் சண்முகம் என்னும் இளைஞர், உத்தரப் பிரதேசத்து லக்கிம்பூர் கேரியில் கலப்படம் செய்த பெட்ரோல் நிலையத்தின்மேல் நடவடிக்கை எடுத்தமைக்காக 2005 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாணயமான எரிபொருளுக்காக ஒருவர் உயிரையே கொடுத்தார். நாமோ லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமென்று சீட்டில்லாத டீசலை வாங்கி ஊற்றுகின்றோம்.

மேலும் ஒன்று. நம் பகுதியில் ஏற்றப்படும் பாரம் தீப்பெட்டியும் பட்டாசும் காகிதமும் ஆகும். அளவிற்கு மிஞ்சிய டீசல் எரிந்து, புகைக்குழாய் சிவக்கச் சூடேறி, கனன்ற கரித்துகள் கக்கும் வண்டி எவ்வூரிலும் கெடுதியே. இவ்வூர்களில் அது பெருங்கெடுதி. 2020-க்குப் பின் வந்த வண்டிகள் பலவற்றிற் கரித்துகளைத் தடுக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் உளது. பெரிய நாசில் பொருத்தினால் அது விரைவில் அடைபடும். அதன் விலையைக் கேட்டவர் இரண்டாம் முறை கேட்கத் துணியார்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? யாம் கற்றவற்றைச் சுருங்கச் சொல்லுவோம்.

முதலாவது, டீசல் பில்டரை வண்டிக் கையேடு கூறும் தூரத்திற்கு முன்னரே மாற்றுக. பில்டரின் அடியிற் சேரும் நீரை அவ்வப்போது வடித்துவிடுக. சில நூறு ரூபாய்ப் பில்டர், பல்லாயிர ரூபாய் இன்ஜெக்டருக்குக் காவற்காரன்.

இரண்டாவது, நம்பகமான ஒரே நிலையத்தில் டீசல் நிரப்பிச் சீட்டு வாங்கி வைக்க. பீப்பாயை அறவே விலக்குக.

மூன்றாவது, இன்ஜெக்டர் தட்டினால் உடனே மாற்றச் சொல்லாதீர்கள், சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் இன்ஜெக்டரும் திருப்பி அனுப்பும் டீசலைத் தனித்தனிக் குப்பியிற் பிடித்து ஒப்பிடும் எளிய சோதனை உண்டு. எந்தக் குப்பி விரைந்து நிறைகின்றதோ அதுவே நோயாளி. நோயை அறியாது மருந்திடும் வைத்தியரிடம் நாம் செல்வதில்லையே!

நான்காவது, மாற்றுவதாயின் வண்டி செய்தவர் குறித்த அதே வகையைப் பொருத்துக. குறியெண்ணைக் கணினிப் பெட்டியிற் பதியச் செய்க. பழைய பொருளைக் கையில் வாங்கிக்கொள்க. சோதனைத் தாளையும் கேட்டு வாங்குக. பம்பு தேய்ந்து உலோகத்தூள் வந்திருக்குமாயின், தொட்டியும் குழாயும் கழுவாமற் புது இன்ஜெக்டர் மாட்டுதல் சேற்றில் வெள்ளைவேட்டி விரித்ததேயாம். போலிச் சரக்கிலும் விழிப்பாயிருங்கள். அழகிய அட்டைப்பெட்டி அச்சிடும் பகுதியினர் நாம். பெட்டியின் அழகு உள்ளிருக்கும் சரக்கிற்குச் சான்றன்று என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யார்?

ஐந்தாவது, எல்லாவற்றினும் முதன்மையானது: வண்டிக்கு ஒரு பேரேடு வைக்க. தேதி, ஓடிய தூரம், ஊற்றிய டீசல், ஏற்றிய பாரம், மாற்றிய உறுப்பு ஆகிய ஐந்து பத்திகள் போதும். மாதக் கடைசியில் லிட்டருக்கு ஓடிய தூரத்தை வகுத்துப் பார்க்க. இருமாதம் தொடர்ந்து குறைந்தால், இயந்திரம் பேசுகின்றது என்றறிக. ஒரு கருவி நல்லதா என்பதைப் பட்டறைக்காரர் சொல்லும் சொல் தீர்மானிப்பதன்று. முதல் மாத இழுவையும் தீர்மானிப்பதன்று. ஐந்தாம் ஆண்டின் பேரேடே தீர்மானிப்பது.

இனி நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். 1920-களில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். அவ்விருவர் கற்றுவந்த கல்வியால் ஒரு வட்டாரமே பிழைத்தது. இன்று நம் வட்டாரத்தில் வண்டிகள் மிகப் பல. காமன் ரெயில் இன்ஜெக்டரை முறையாகச் சோதிக்கக் கற்றவரோ மிகச் சிலர். ஆண்டுக்கு இரண்டு இளைஞரை, எவ்வகுப்பினராயினும் தகுதியுடையாரைத் தேர்ந்து, இத்தொழிற் பயிற்சிக்கு அனுப்புதற்கு மகமையில் ஒரு பங்கு ஒதுக்கலாகாதா? அவர் திரும்பி வந்து நேர்மையாகச் சோதித்து, எழுத்தில் விடை தருவாராயின், எத்தனை குடும்பங்களின் வளையல்கள் பெட்டியிலேயே இருக்கும்! பேட்டை கட்டி வண்டியைக் கள்வரிடமிருந்து காத்தவர் மரபினர் நாம். இக்காலத்துக் கள்வன் அறியாமை. அவனைக் காக்கும் பேட்டை இக்கல்வியே.

எம் தமையன் மகன் என்னவானான் என்று கேட்பீர்கள். வேறு பிஸ்டனும், முறையான இன்ஜெக்டர் நான்கும் பொருத்தி மீண்டும் ஓட்டுகின்றான். மலைப்பாதையில் முன்போற் பறப்பதில்லை, பின்வருவோர் ஒலியெழுப்புவர், அவன் பொருட்படுத்துவதில்லை. தவணை சென்ற ஆண்டு தீர்ந்தது. வளையலுள் ஒரு சோடி மீண்டது. மற்றொரு சோடி இன்னும் மீளவில்லை. ஒவ்வொரு மாதக் கடைசி ஞாயிறன்றும் பேரேட்டைக் கொணர்ந்து எம்முன் வைக்கின்றான். யாம் இலக்கணப் பயிற்சி ஏடு திருத்தும் அதே சிவப்பு மையால் கூட்டிப் பார்த்துக் கையெழுத்திடுகின்றோம். சென்ற மாதம் லிட்டருக்குப் பதின்மூன்றேகால்.

 உங்கள் வண்டிகள் நெடுங்காலம் நலமே ஓடுக! குடும்பங்கள் தழைக்க! சங்கம் வளர்க!